எருமைகள் கேட்ட கல்யாணப் பாட்டு

வவுனியாவில் சைக்கிளில் சீத்தைத் துணி விற்றுத் திரிந்த கலந்தருக்கு மூன்று மொழிகளில் பாட வரும். பொருள் தெரிந்து பாடுவது தமிழில் மட்டும்தான். அரபுப் பைத்துப் பாடல்கள் பள்ளிவாசலில் காதால் கேட்டுப் பழகியவை. சிங்களப் பாட்டை ரயில் கடவையில் கேற் போடுகிற பண்டா சொல்லிக்கொடுத்தான். ஆர்மோனியம் வாசிக்கச் சிற்றம்பலம் வந்து சேர, கலந்தரின் றபான் மேளத்தோடு 'மும்மொழி இசைக்குழு' உருவானது.

"நான் சொல்லித்தந்த சிங்களப் பாட்டு கலியாணத்துக்குச் சரியில்ல நானா," என்று பண்டா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான்.

"மெட்டு நல்லாயிருக்கு. ஆருக்கு விளங்கப்போகுது?" என்றார் கலந்தர்.

அந்த மாசியில் ஓமந்தையில் அப்புத்துரை வீட்டுக் கல்யாணம். "அடுத்தது, பொண்ணு மாப்பிளைய வாழ்த்துற சிங்களப் பாட்டு," என்று அறிவித்துவிட்டுக் கலந்தர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். சபை மெய்மறந்து கேட்டது. பின்வளவில் மடமடவென்று ஒரு சத்தம். சமையல் கொட்டிலின் மூலைக் காலில் கட்டியிருந்த இரண்டு எருமைகள், கயிறு சுற்றச் சுற்ற அந்தக் காலையே வலம்வந்து, கூரையைப் பாயாசக் கிடாரத்தின்மேல் சரித்துவிட்டன.

அப்புத்துரை ஓடிவந்தார். "என்ன பாட்டு நானா இது? மதவாச்சியில சிங்கள ஆக்களிட்ட வாங்கின நாள் தொட்டு இதுகள் களத்தில சுத்தி நடந்து ஒரு நெல்லுச் சூடு மிதிக்கேல்ல. நாங்கள் கத்தினால் மரம் மாதிரி நிக்குங்கள்."

கலந்தர், குழுவோடு வந்திருந்த பண்டாவைப் பார்த்தார்.

"களத்தில எருமைக்குப் பாடுற பாட்டு," என்றான் பண்டா, தரையைப் பார்த்தபடி. "சுத்தி நட ராசா, நெல்லு எனக்கு, வைக்கல் உனக்கு எண்டு சொல்லுறது."

மாப்பிள்ளையின் முகம் கறுத்தது. மணப்பெண் ஜெகதீஸ்வரிதான் முதலில் சிரித்தாள். "வாழ்த்துத்தானே ஐயா. நெல்லு எனக்கு, வைக்கல் அவருக்கு." பிறகு சிரிக்காமல் இருந்தவர் கலந்தர் ஒருவர்தான்.

"நாளைக்குக் களத்துக்கு வாங்கோ, குழுவோட," என்றார் அப்புத்துரை.

மாட்டுக்குப் பாடுவதா என்று கலந்தருக்கு மனம் குமைந்தது. ஆனாலும் சரிந்த கொட்டில் கண்முன்னே கிடந்ததால் மறுக்க முடியவில்லை, போனார். பாட்டு எழுந்ததும் எருமைகள் நடந்தன. நடுவில் ஆசைக்கு ஒரு தமிழ்ப் பாட்டை எடுத்தார். இரண்டும் நின்று திரும்பி அவரைப் பார்த்தன. சிங்களத்துக்கு மாறியதும் மறுபடி நடந்தன. பொழுது சாயும்வரை எழுந்துபோகாமல் தன் பாட்டைக் கேட்ட சபை அவருக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. தொண்டை கட்டிப்போனாலும், சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தபோது அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

பிறகு பண்டாவிடம் உண்மையான கல்யாணப் பாட்டொன்றைக் கேட்டு, வரிக்கு வரி பொருளோடு படித்தார். அடுத்த கல்யாணத்தில் அதைப் பாடி முடித்ததும் சபை கேட்டது:

"அந்த எருமைப் பாட்டையும் ஒருக்காப் பாடுங்கோ நானா."