போணிப் பாலில் தண்ணீர்

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். அழகர்கோவில் போகும் சாலையில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர். இரண்டு கறவை மாடு வைத்திருந்தோம். விடியுமுன் என் வீட்டுக்காரர் பாலைக் கறந்து வைத்துவிட்டு, மதுரை சிம்மக்கல்லில் அவர் வேலை பார்த்த மண்டிக்குக் கிளம்பிவிடுவார். கேனைத் தூக்கிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போவது என் வேலை.

சொசைட்டியில் தினமும் முதல் பால் என்னுடையதுதான். நான் போணி பண்ணினால் அன்றைக்குப் பால் குறையாமல் சேருகிறது என்று தலைவருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த வருஷம் புது மிஷின் வந்தது. அதுவரை லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டுக் கண்ணால் பார்த்துச் சொல்வார்கள். இதில் சின்னக் கோப்பையில் பாலை ஊற்றிக் குழாய்க்குக் கீழே வைத்தால், அதுவே உறிஞ்சிக்கொண்டு, கொழுப்பு எவ்வளவு, கலந்த தண்ணீர் எவ்வளவு என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிடும். மிஷின் ஓடிய முதல் நாளே என் பாலில் தண்ணீர் என்றது. மறுநாளும் அதே. எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேர் பாலும் சுத்தம்.

பால் சோதிக்கும் டெஸ்டர் எனக்குக் கொழுந்தன் முறை. அவரிடம் சண்டைக்குப் போனேன். “மதினி, மிஷினுக்கு நீங்க என்ன பகையாளியா? அது எதுக்குப் பொய் சொல்லப் போகுது?” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தலைவரோ, இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் இனிமேல் என் பாலை வாங்க முடியாது என்று சொல்லிவிட்டார். தண்ணிப்பால்காரி என்று என் காதுபடவே பேசினார்கள்.

நான் ஊற்றவில்லை. அப்படியென்றால் யார்? கறக்கிறவர் ஒருத்தர்தானே. மண்டி முதலாளி வீட்டுக்கு ஒரு பாட்டில் பாலைக் கொடுத்து நல்ல பேர் வாங்குகிறாரோ, குறைந்ததைத் தண்ணீரால் நிரப்புகிறாரோ என்று மனசைக் குடைய ஆரம்பித்தது. அவர் பை கனமாகத் தெரிந்தது. பஸ்ஸுக்கு அவசரப்படுவதுகூடக் கள்ளத்தனமாகத் தெரிந்தது. நேரே கேட்க வாய் வரவில்லை. மாடு காலை உதறுகிறது, பிடித்துக்கொள்கிறேன் என்று சாக்குச் சொல்லி, கறக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அன்றைக்கும் தண்ணீர். கேனின் அடியில் முன்னமே ஊற்றி வைத்திருப்பாரோ என்று, கேனைத் தேய்த்துக் காயவைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். அப்போதும் தண்ணீர்.

இதற்கு நடுவில் அவர் போக்கும் மாறியது. பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்கு வழி இருக்க, சொசைட்டி வழியாக என் பின்னாலேயே வர ஆரம்பித்தார். கேட்டால், குறுக்கு வழியில் நாய்த் தொல்லை என்றார். மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில்தான் வருகிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

தலைவர் கொடுத்த கெடு முடிகிற நாள். கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, அதைப் பிடித்துக் கட்டிவிட்டுப் போவதற்குள் நேரமாகிவிட்டது. எனக்காகக் காத்திருந்து பார்த்த தலைவர், கடைசியில் தன் வீட்டுப் பாலையே போணியாக ஊற்றச் சொல்லியிருக்கிறார். நான் உள்ளே போனபோது எல்லோரும் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் வீட்டுப் பாலில் தண்ணீர். அடுத்து வைத்த என் பாலில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

“என்னண்ணே, மிஷினுக்கு நீங்களும் பகையாளியா?” என்று தலைவரைக் கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

என் பேர் கெட்டபோது அசையாதவர் உடனே மதுரைக்குப் போன் போட்டார். மறுநாள் மெக்கானிக் வந்தார். முந்தின நாள் கழுவிய தண்ணீர் குழாய்க்குள் நிற்கும், காலையில் முதல் கோப்பைப் பாலை உறிஞ்சவிட்டுக் கொட்டிவிட வேண்டும், அப்புறம் வைப்பதுதான் கணக்கு, இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தானே போனோம் என்றார். டெஸ்டர் தலையைச் சொறிந்தார்.

“விடிஞ்சும் விடியாம போணிப் பாலக் கீழ கொட்டச் சொன்னா எப்படிண்ணே? லட்சுமில்ல அது.”

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “இது தெரிஞ்சிருந்தா அம்புட்டு தூரம் சுத்தி ஒம் பின்னாடி வந்திருக்க மாட்டேன்ல” என்றார். ஊர்ப் பேச்சு அவர் காதிலும் விழுந்து, தெருக்குழாயில் பிடித்து நான்தான் ஊற்றுகிறேனோ என்று பார்க்க வந்தாராம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து வருஷம் கூட வாழ்ந்தவள் மேல் இப்படி ஒரு நினைப்பா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

“ஆமா, நீ எதுக்குக் கேனத் தலமாட்டுல வச்சுத் தூங்குன?” என்றார்.

கரப்பான் தொல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், ஆனாலும் எனக்கு உள்ளே வலித்தது.

மறுநாளிலிருந்து சொசைட்டியில் முதல் கோப்பையைக் கொட்டினார்கள். யார் மேலாவது சந்தேகம் வந்தால் முதலில் தோன்றுவதை நானும் அப்படியே கொட்டிவிடப் பார்க்கிறேன். இத்தனை வருஷம் ஆகியும், கொட்டும்போது அந்த டெஸ்டரைப் போலவே எனக்கும் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.