மைதானத்தைக் காப்பாற்றிய அக்கா கேட்ட மரியாதை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். ஒரே ஒரு தடவை திறந்தேன். அதைத்தான் எழுத வந்தேன்.

நடந்தது போன வருஷம் வைகாசியில், ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில். எங்களுக்கு ஒரு கால்பந்துக் கழகம் உண்டு. ஆபீஸ், போர்டு என்று எதுவும் கிடையாது. ஒரு மைதானம், இரண்டு பக்கமும் இரும்புக் கோல் கம்பம், ஒரு சாக்கில் கொஞ்சம் பந்து. அவ்வளவுதான். ஆனால் சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் டோர்னமெண்ட் போட்டால் எங்கள் ஊரை முதலில் கூப்பிடுவார்கள். என் மகனும் அந்த டீமில் ஆடுகிறான். எனக்கு ஆடத் தெரியாது. மேட்ச் அன்றைக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும், பையன்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவதும் என் வேலை.

மைதானம் கழகத்துக்குச் சொந்தம் இல்லை. ஊரில் ஒரு அக்காவுடைய மானாவாரி நிலம் அது. அக்காவுக்குக் கணவர் இல்லை. ஒரே மகன். எங்கள் டீமின் கோல்கீப்பர். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிற அறையில் வேலை பார்த்தான். ஒருநாள் காலையில் அந்த அறை வெடித்தது. அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

மகன் போன பிறகும் அக்கா தினமும் சாயங்காலம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருவார். கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்காருவார். பந்து முள்ளுக்குள் போனால் எடுத்து வீசுவார். அதிகம் பேச மாட்டார்.

நிலம் ரோட்டை ஒட்டி இருந்ததால், குடோன் கட்ட ஒரு பார்ட்டி நல்ல விலைக்குக் கேட்டார். அக்காவின் கொழுந்தனார்கள் நெருக்கினார்கள். “பந்து எத்துற பயகளா வயசான காலத்துல உனக்குக் கஞ்சி ஊத்தப் போறானுக?” என்று தெருவில் நின்றே கேட்டார்கள். பேச்சு முடிந்துவிட்டது, நிலம் கைமாறப் போகிறது என்று ஊரே சொன்னது. நாங்களும் நம்பினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பங்களைத் தோண்டி எடுத்து என் ஆட்டோவில் ஏற்றினோம். பையன்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்போது அக்கா ஆடுகளோடு வந்து வண்டிக்கு முன்னால் நின்றார்.

“எங்கனலே கொண்டுபோறீக?”

“நிலத்த வித்தாச்சுன்னு சொன்னாகளே அத்தை” என்றான் கேப்டன்.

“யாரு சொன்னது? கைநாட்டு வைக்கிற கை என் கை. எறக்குங்க.”

இறக்கினோம். விருதுநகரில் இரும்புக்கடை வைத்திருக்கிற ஒரு பாய், எங்கள் ஆட்டம் என்றால் வேலையை விட்டுவிட்டு வருபவர், சிமெண்டும் புது வலையும் கொடுத்தார். பழைய குழிகளிலேயே கம்பங்களை நட்டோம். கழகம் பிழைத்தது.

காப்பாற்றியவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று எல்லாரும் மைதானத்தில் கூடினோம். பாய்க்கு ஒரு சால்வை என்று சட்டென்று முடிவானது. அக்காவுக்கு என்ன செய்வது என்பதில்தான் பேச்சு வளர்ந்தது. ஒருவன் கல்வெட்டு என்றான். ஒருவன் அவர் படம் போட்டு பெரிய பேனர் என்றான். ஃபார்வர்டு ஆடுகிற ஒரு பையன் எழுந்து, “பத்தாயிரம் வாலா ஒண்ணு கொளுத்துவோம்லே, விருதுநகர் வரைக்கும் கேக்கணும்” என்றான். எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அதுதான் வழக்கம். நாலைந்து பேர் கையும் தட்டிவிட்டார்கள்.

ரெஃப்ரியாக நிற்கிற பெரியவர் அவனைப் பார்த்து, “கூறு கெட்ட பயலே, அந்தம்மா மகன் எதுல போனான்?” என்று மட்டும் கேட்டார். கைதட்டியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. வெடிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சத்தமாகவே தெரிவதில்லை.

கடைசியில் அக்காவிடமே கேட்டுவிடலாம் என்று கம்பத்துக்குப் பின்னால் போனோம். கேப்டன் கல்வெட்டு விஷயத்தைச் சொன்னான்.

“கல்லு எதுக்குய்யா? ஆடுதான் வந்து முதுகைத் தேச்சுக்கிரும்” என்று அக்கா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பிறகு அவர் முகம் மாறியது. “நெசமாவே கேக்கீகளா? கேட்டாச் செய்வீகளா?”

“சொல்லுங்க அத்தை.”

“இந்தத் தரையில பந்து விளையாடுற பய ஒருத்தனும் மருந்து அறைக்குப் போகக்கூடாது. அம்புட்டுத்தான்.”

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். மருந்து கலக்கிற வேலை விடியற்காலையில் ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் முடிந்துவிடும். சூட்டில் மருந்தைத் தொடக்கூடாது. அதனால் அந்த வேலை பார்க்கிறவன் மதியத்துக்குள் வீட்டில் இருப்பான். தூங்கி எழுந்து சாயங்காலம் மைதானத்துக்கு வந்துவிடலாம். கூலியும் மற்ற வேலையைவிடக் கூடுதல். அச்சடிக்கிற பிரஸ்ஸுக்கோ, அட்டைப்பெட்டி கம்பெனிக்கோ போனால் இருட்டிய பிறகுதான் விடுவார்கள். பிறகு எங்கே பந்து? எங்கள் டீமில் பாதிக்கு மேல் மருந்து அறை ஆட்கள். என் மகனும் அதில் ஒருவன். அக்காவின் மகனும் பந்து ஆடுவதற்காகத்தான் அந்த வேலைக்குப் போனான். ஊருக்கே தெரிந்த விஷயம் இது. ஆனால் அதுவரை யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அக்கா கேட்டதைக் கொடுத்தால் அக்கா காப்பாற்றிக் கொடுத்த கழகம் இருக்காது.

கேப்டன் தரையைப் பார்த்தான். பெரியவர் தொண்டையைச் செருமினார். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தபோது என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“என் மகன் போகமாட்டான் அக்கா.”

என் மகன் என் பக்கத்தில்தான் நின்றான். பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போய்விட்டான். மற்றவர்கள் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் அவன் கத்தவில்லை. “என்னையக் கேக்காம எப்படிப்பா வாக்குக் குடுத்தீக?” என்றான். “நீ உசிரோட இருக்கணும்ல” என்றேன். “பந்தும் இல்லாம இருந்து என்ன செய்ய?” என்றான். அவன் அம்மா அழுததால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

எனக்குத் தெரிந்த ஒரு பிரஸ்ஸில் சேர்த்துவிட்டேன். காலண்டர் சீசன் சமயம். அவன் வேலை முடிந்து வரும்போது மைதானத்தில் ஆள் இருக்காது. சைக்கிளை நிறுத்திவிட்டு, இருட்டில் அந்தக் காலித் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பானாம். பார்த்தவர்கள் சொன்னார்கள். வீட்டில் பேச்சு குறைந்தது. சாப்பாடு குறைந்தது. நான் அவனைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தீபாவளி முடிந்து ஆலைகள் மறுபடி திறந்த பிறகு, பிரஸ்ஸில் ஷிப்டு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி மறுபடி ஆட வந்தான். முகத்தில் பழைய களை வந்தது. நானும் சந்தோஷமாகக் கோடு போட்டேன். தாயில்பட்டிப் பக்கம் லோடு இறக்கப் போனபோதுதான் ஒரு ஆலை வாசலில் அவன் சைக்கிளைப் பார்த்தேன்.

வீட்டில் கேட்டேன். ஆமாம் என்றான். கெஞ்சினேன். அவன் என்னைவிட உயரமாக வளர்ந்த ஆள். கையைப் பிடித்து இழுத்து நிறுத்துகிற வயதா? காலையில் எழுந்து போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் போனேன். வாக்குக் கொடுத்தது நான், போய்ச் சொல்ல வேண்டியதும் நான்தானே. “அக்கா, அவன் திரும்பவும் போறான். நான் சொல்லிப் பாத்துட்டேன்” என்றேன்.

“தெரியும் தம்பி” என்றார். “பந்து எடுத்துக் குடுக்கும்போது பாத்தேன். காதுக்குப் பின்னால வெள்ளியா மினுங்குச்சு. அலுமினியப் பொடி. எத்தனை தடவை குளிச்சாலும் அந்த இடத்துல ஒட்டிக்கிரும். என் மகனுக்கு நான் தேச்சு விட்டிருக்கேன்ல.”

“ஒருத்தன்கூட உங்க பேச்சக் கேக்கலையே. பெறகு எதுக்கு இந்த நிலத்த இவங்களுக்கு விட்டு வச்சிருக்கீக? வித்துப்புட்டு நிம்மதியா இருக்கலாம்ல?”

அக்கா மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார். “சாயங்காலம் இவங்க இங்கன வந்து நின்னாத்தான், காலையில ஒண்ணும் ஆகலைன்னு எனக்குத் தெரியும். நிலம் போச்சுன்னா நான் வீடு வீடாவா போயிப் பாக்க முடியும்?”

நான் இதைக் கேப்டனிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து, யாரும் யாருக்கும் உத்தரவு போடாமலே, பையன்கள் பந்தைத் தொடுவதற்கு முன்னால் கம்பத்துக்குப் பின்னால் போய் “வந்துட்டேன் அத்தை” என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். அவர் “ம்” என்பார். யாராவது வராவிட்டால், கல்யாண வீட்டுக்குப் போயிருந்தால்கூட, போன் போட்டு அவன் குரலைக் கேட்க வைத்தால்தான் எழுந்து வீட்டுக்குப் போவார். இப்போது தீபாவளி சீசன். எல்லா ஆலையிலும் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. என் மகன் இருட்டோடு கிளம்பிப் போகிறான். நானும் லோடை எங்கே இறக்கினாலும் சாயங்காலத்துக்குள் மைதானத்துக்கு ஓடி வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

எங்கள் கழகத்தைக் காப்பாற்றியவருக்கு எங்களால் செய்ய முடிந்த மரியாதை, உயிரோடு வந்து முகத்தைக் காட்டுவது மட்டும்தான். அவர் கேட்டது அது இல்லை என்பது அங்கே நிற்கிற எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

எழுதியது: புரட்டாசி மாதம், மூன்றாம் சனிக்கிழமை.