கம்பியும் இறால் ஆணமும்

காலைச் சாப்பாட்டு மேசைக்கு என் மகள் சஃப்னா ஒரு சிறிய மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறாள். முதுகுப் புண்ணில் ஊறும் நீரை அது குழாய் வழியாக இழுத்துக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் கைப்பை என்று நினைப்பார்கள். இங்கிலாந்தில் எதற்கெல்லாமோ பழகிவிட்டேன். அந்த உறுமலுக்கு மட்டும் பழகவில்லை.

வளைந்துகொண்டே போன அவளுடைய முதுகெலும்பைக் கம்பி வைத்து நிமிர்த்தியிருந்தார்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள் தலைவாரிவிடும்போது சட்டையின் பின்புறம் நனைந்திருந்தது, உடம்பு கொதித்தது. புண்ணின் ஆழத்தில், கம்பிவரை கிருமி போயிருந்தது. மறுபடி திறந்து கழுவினார்கள். "இப்போது கம்பியை எடுத்தால் முதுகு திரும்ப வளையும். மருந்துக்குக் கிருமி அடங்காவிட்டால் எடுக்கத்தான் வேண்டும்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து என் துஆ எல்லாம் அந்தக் கம்பிக்குத்தான்.

எங்கள் ஊர் காத்தான்குடியிலிருந்து ராத்தா, என் அக்கா, போன் எடுத்தாள்.

"கிரந்திச் சாமான் ஏதும் குடுத்தியா? இறால், நண்டு?"

"இல்ல ராத்தா. கஞ்சியும் முருங்கையிலையும்தான்."

"அப்ப கம்பிதான் ஒத்துக்கொள்ளல்ல. கழட்டச் சொல்லு புள்ள."

புண் உள்ளவருக்கு இறாலைக் காட்டவே மாட்டோம், எங்கள் ஊரில். அது கிரந்தி, சீழ் வைக்கச் செய்யும் என்பார்கள். இங்கே கட்டு மாற்ற வரும் தாதியோ தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பார்த்து, "இதைப் புண்ணில் பூசினீர்களா?" என்றாள். தலைக்கு என்றேன். அவள் நம்பவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே என் சமையல், இங்கே என் எண்ணெய். ஒரு கிருமி வந்தால் தாயைத்தான் பிடிப்பீர்களா?

டாக்டரிடமே கேட்டேன். "உங்கள் தவறில்லை. எவ்வளவு கவனித்தாலும் சில பிள்ளைகளுக்கு வரும். ஆனால் மெலிந்துவிட்டாள். புண்ணில் சதை வளர மீன், முட்டை நிறையக் கொடுங்கள்."

"இறால்?"

"ஏன் கூடாது?" அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

அன்றே தேங்காய்ப்பாலில் இறால் ஆணம் காய்ச்சினேன். போனை மேசையில் நிறுத்தி ராத்தாவை வீடியோவில் அழைத்தேன். மகள் தின்பதைப் பார்த்து ராத்தா தன் தலையில் கைவைத்தாள்.

"சதை பிடிக்கட்டும் ராத்தா. கம்பிய நான் குடுக்கமாட்டன்."

அதன்பின் இறாலும் மீனும் எங்கள் வீட்டில் ஓயவில்லை. இந்த வாரம் கிருமி அடங்கிவிட்டது, கம்பி இருக்கட்டும் என்றார்கள். மெஷினும் தோளுமாக சஃப்னா போனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ராத்தா திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள்.

"நிமிந்துதான் நிக்கிறாள். இஞ்ச கூட்டிவா புள்ள, வாவி இறால் நான் ஆக்கித் தாறன்."

மகளுக்குள்ளே இந்த நாட்டுக் கம்பி. அதை மூடி வளர்வது எங்கள் ஊர் ஆணத்தில் வந்த சதை. இரண்டில் எதையும் இனி யாரையும் கழற்ற விடமாட்டேன்.