கீரை தின்று எழுதிய ரத்தப் பரீட்சை

திண்டிவனத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். என் திறமை உயிரியலில் இல்லை, மார்க் வாங்கித் தருவதில். எந்தக் கேள்வி வரும், எதை விட்டுவிடலாம் என்று மோப்பம் பிடித்துச் சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட எனக்கு, மாதக்கணக்கில் விடாத என் இருமல் மட்டும் ஒன்றும் உணர்த்தவில்லை. பாடம் முடிந்ததும் டீக்கடையில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "எல்லாம் சாக்பீஸ் தூசி" என்று சொல்லிக்கொள்வேன். எங்கள் டியூஷனில் இருப்பது மார்க்கர் பேனாவும் வெள்ளைப் பலகையும்.

"டாக்டராண்ட போங்க" என்றாள் மனைவி. போகவில்லை. போனில் படித்தேன். படித்தவனுக்குப் பயம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான், இன்னும் நாலு கட்டுரை படிப்பான்.

அதில் ஒன்று டி.என்.ஏ. மெத்திலேற்றம் பற்றியது. வீட்டில் யாரும் போடக் கூடாத சுவிட்சின் மேல் டேப் ஒட்டி வைப்போமே, அதுபோல மெத்தில் என்னும் சின்ன வேதிக்குறி சில மரபணுக்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். மரபணு அப்படியே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. கட்டுமீறி வளரும் செல்லை அடக்க வேண்டிய மரபணுவின் மேலேயே டேப் விழுந்தால் புற்றுநோய்க்குக் கொண்டாட்டம். புற்றுநோய் செல்லிலிருந்து உடைந்த, அந்தக் குறியுள்ள டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கும்; அவற்றை வைத்து நுரையீரல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே பிடிக்க முடியுமா என்று ஆராய்கிறார்கள். விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் இதற்காகப் புகைப்பவர்களிடம் ரத்தம் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தேன்.

டெஸ்ட் என்றதும் என் புத்தி வேலையைக் காட்டியது. சிகரெட்டை நிறுத்தினேன். கீரையில் உள்ள ஃபோலேட் என்ற வைட்டமினுக்கும் மெத்திலேற்றத்துக்கும் தொடர்பு உண்டு என்று அரைகுறையாகப் படித்திருந்தேன். காலையில் முருங்கைக்கீரை அடை, மதியம் பொரியல், ராத்திரி சூப்.

"இன்னாங்க, ஆடு கணக்கா தழையே தின்னுக்கினு இருக்கீங்க?"

"டெஸ்டுக்கு பிரிப்பேர் பண்ணிக்கினு இருக்கேன்."

ரத்தம் எடுத்த டாக்டர் அம்மாவிடம் இதைப் பெருமையாகவே சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"கீரைக்கெல்லாம் இது மசியாது சார். ஆனா ஒண்ணு கேக்கறேன். உள்ள ஒளிஞ்சிருக்கறதப் புடிக்கத்தான் ரத்தம் எடுக்கறோம். நீங்களே அதுக்கு ஒளிய எடம் பாத்துக் குடுக்கறீங்களே, ஏன்? இது இன்னும் ஆராய்ச்சிதான். ரிசல்ட் எப்படி வந்தாலும் இந்த இருமலுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துடுங்க."

'ரிசல்ட்' வரைக்கும்தான் காதில் விழுந்தது.

சில வாரம் கழித்து விழுப்புரத்துக்கு வரச்சொல்லி, சந்தேகப்படும்படி எதுவும் தெரியவில்லை என்றார்கள். ஸ்கேனை மறுபடி நினைவுபடுத்தினார்கள்; நன்றாகத் தலையாட்டினேன். ஜாங்கிரி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி ஓட்டலில் பஸ் நின்றபோது, தேறிவிட்ட சந்தோஷத்தில் கீழே இறங்கி ஒரு சிகரெட் பற்றவைத்தேன். என் அறிவைப் பற்றி யாராவது கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்.

வீட்டில் ஜாங்கிரியை நீட்டி, "பாஸ்" என்றேன்.

அவள் வாங்கவில்லை. "பாஸ் பண்ணிட்டீங்க, சரி. இருமல் நின்னுடுச்சா?"

'உனக்கு இன்னா தெரியும்' என்று கத்த வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் அழுதாள். "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள். எனக்கும்தான் பயம். சாவைப் பற்றிய பயம். அவ்வளவு கீரையும் அதற்குத்தான். அதைச் சொன்ன பிறகுதான் அவள் என் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் இருவருமாக விழுப்புரம் போனோம். ஸ்கேனில் வலது நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. சில நாளில் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான்.

"சின்னதா இருக்கறப்பவே வந்துட்டீங்க சார், ஆபரேஷன்ல எடுத்துடலாம்" என்றார் டாக்டர் அம்மா.

"நான் எங்க வந்தேன்? இவங்க இட்டுக்கினு வந்தாங்க" என்று மனைவியைக் காட்டினேன்.

ஆபரேஷனுக்கு முன் அவர் மறுபடி ஒரு குழாய் ரத்தம் கேட்டார். "எங்க டெஸ்ட் கண்ணுல படாம தப்பிச்சது உங்க ரத்தம். டெஸ்டைச் சரிபண்ண இந்த மாதிரி ரத்தந்தான் எங்களுக்கு வேணும்."

எத்தனையோ பிள்ளைகளைத் தேற்றிவிட்ட நான், தேறவே கூடாத ஒன்றில் போய்த் தேறியிருக்கிறேன். ஒரு கையை மனைவி விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற கையை நீட்டினேன்.

"இந்த தபா கீரை சாப்புடல டாக்டர்" என்றேன்.