'டர்ன் டவுன்' என்றால்

மாமாவின் இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது ஐம்பத்து நான்கிலா ஐந்திலா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் உண்டு. மாதம் கார்த்திகை. கிழமை சனி. ஸ்பிரிங்வெளி மலை முழுவதும் பனிமூட்டம்.

எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பதுளைப் பள்ளிக்கூடத்துக்குப் போய் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான். அம்மாவின் தம்பியான மாமா, கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரே வரி: விண்ணப்பம் 'டர்ன் டவுன்' செய்யப்பட்டிருக்கிறது. விளக்குத் திரியை இறக்குவதற்கு டீச்சர் சொல்லிக்கொடுத்த சொல் அது.

"கீழ எறக்கியிருக்காங்க மாமா."

"எங்க, பதுளைக்கா?"

தோட்டத்தில் கீழே என்றால் பதுளைதான். "ஆமா" என்றேன். மற்ற வரிகள் விளங்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

"அக்கா, கேட்டியா! கொழும்புலருந்து நம்ம கச்சேரி ஆபீசுக்கே வந்துருச்சாம். இனி கூப்புடுவாங்க."

"கூப்புட்டா இந்தக் கிழிஞ்ச கோட்டோடயா போவ?" என்றாள் அம்மா.

உரிமை கிடைத்தால் ஹாலிஎலப் பக்கம் ஒரு துண்டு காணி வாங்குவதாக மாமாவுக்கு எண்ணம். கிடைக்காவிட்டால் என்ன என்று அவர் பேசியதில்லை. மாலைதோறும் அந்த வரியை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். தேயிலைச் சரிவின் மேல், பனிக்குள், ஒரு வெள்ளைத்தாள் அவசரமில்லாமல் இறங்கிப் போவது என் கண்ணுக்குள்ளும் தெரியும்.

அகராதி வாங்கியது பல ஆண்டுகள் கழித்து. திரியைத் தணிக்க, படுக்கை விரிப்பின் ஓரத்தை மடிக்க, கேட்டு வந்தவரை மறுக்க, மூன்றுக்கும் அதே சொல். கடிதம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது; தேதி மட்டும் அழிந்துவிட்டது. அடுத்த வரியிலேயே, மறுப்பை எதிர்த்து எழுத மூன்று மாதத் தவணை கொடுத்திருக்கிறார்கள்.

மாமா கச்சேரிக்கு இறங்கிப் போனது மாசி கடைசியில், அந்தத் தவணை தாண்டிய பிறகு. திரும்பியவர் வெகுநேரம் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் வாசிச்சது சரியா மாமா?"

"சரிதான் புள்ள. ரொம்பச் சரி."

மறுவாரம் பக்கத்து வீட்டு அக்கா தன் கடிதத்தோடு என்னைத் தேடி வந்தாள். நான் கை நீட்டுமுன் மாமா அதை வாங்கிக்கொண்டார். "இது படிக்கிற புள்ள, தொந்தரவு பண்ணாதீங்க. வாங்க, ஆஸ்பத்திரி மருந்து ஐயாவுக்கும் இங்கிலீஷ் தெரியும், அவருகிட்டக் காட்டுவோம்" என்று அவளைக் கையோடு கூட்டிப் போய்விட்டார்.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. என் இங்கிலீஷ் மேல் மாமாவுக்குப் பொறாமை என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா என் சடையை அவிழ்த்து மறுபடி பின்னினாள்.