தண்ணீர் லாரி நிழலில் எழுதிய கடிதங்கள்

2022 ஆகஸ்டு 19 – ரூ. 9,000
2022 அக்டோபர் 7 – ரூ. 11,500
2022 டிசம்பர் 30 – ரூ. 12,000
2023 மார்ச் 17 – ரூ. 12,000
2023 ஜூன் 9 – ரூ. 14,000
2023 செப்டம்பர் 1 – ரூ. 8,000
2024 பிப்ரவரி 16 – ரூ. 6,000
2024 ஜூன் 14 – ரூ. 3,500

கதவின் உட்பக்கத்தில் சாக்கட்டியால் எழுதிய இந்த எட்டு வரிகளின் மேல் துணி பட்டுவிடாமல் சுற்றியுள்ள பலகையை மட்டும் துடைக்கிறார் செந்தாமரை. காலையில் வீடு பெருக்கியதும் முதல் வேலை இதுதான். இளைய மகன் வெளிநாட்டிலிருந்து பணம் கொடுத்தனுப்பிய தேதிகள் அவை. எழுதியது மருமகள் நதியா. செந்தாமரைக்கு எழுத்து தெரியாது. தொகை எவ்வளவு என்றும் அவர் கேட்பதில்லை. "ரெண்டு வரிக்கு நடுவுல எத்தினி நாளு ஆச்சி, அத மட்டும் சொல்லு" என்பார். நாற்பத்தொன்பது, எண்பத்துநான்கு, எழுபத்தேழு, எண்பத்துநான்கு, எண்பத்துநான்கு, நூற்று அறுபத்தெட்டு, நூற்றுப் பத்தொன்பது என்று நதியா ஒப்பிப்பாள். நூற்று அறுபத்தெட்டு வரும்போது செந்தாமரையின் கை நின்றுவிடும்.

வாக்காளர் அட்டைப்படி அவருக்கு வயது 48. அவர் சொல்லும் கணக்குப்படி 46. மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் முப்பத்தொரு வீடுகள் உள்ள பாறைக்கொல்லையில் இரண்டரை ஏக்கர் சாமைக் கொல்லையும் ஏழு புளிய மரங்களும் வைத்திருக்கிறார். கணவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இருவர். மூத்தவன் அருணகிரி வீட்டில் இருக்கிறான். இளையவன் தனசேகரன் குவைத்தில் ஒரு பாலைவன ஆட்டுப்பட்டியில் இருக்கிறான்.

போன முதல் வாரமே முதலாளி அவனுடைய கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டான். பாறைக்கொல்லையிலும் சிக்னல் கிடையாது. ஆகவே கடிதம். பட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரியை ஓட்டுபவன் ஷாரிக், ஆலங்காயத்துப் பையன். தனசேகரன் எழுதிய தாளை அவன் கைப்பேசியில் படம் பிடித்து, ஆலங்காயத்தில் புளி மண்டி வைத்திருக்கும் தன் தந்தை சைபுல்லாவுக்கு அனுப்புவான். கொடுத்த பணத்தையும் தன் பணத்தோடு சேர்த்து அனுப்புவான். சைபுல்லா ஜெராக்ஸ் கடையில் படத்தை அச்செடுத்து, வியாழனும் சனியும் மலைக்கு வரும் கோபால்சாமியின் ஜீப்பில் கொடுத்துவிடுவார். இப்படி வந்தவை பத்தொன்பது.

முதல் கடிதத்தை நதியா இத்தனை முறை படித்ததில் செந்தாமரைக்கு மனப்பாடம். "அம்மா, நான் நல்லா கீறேன். ஆடு மொத்தம் 212. இங்க மரம்னு ஒண்ணு கெடையாது. தண்ணி லாரி வந்தாதான் நெழலு. அதுக்கடியில குந்திகினு எழுதறேன். டிரைவரு நம்ம ஆலங்காயத்து ஆளு. நம்ம பேச்சக் கேட்டதும் ரெண்டு பேரும் அழுதுட்டோம். ஒட்டகம் பாக்க நம்ம கோபால்சாமி ஜீப்பு மாதிரி கீது, எங்க நிக்கும்னு அதுக்கே தெரியாது..." இப்படி ஒரு பக்கம் முழுவதும் போய், "தொட்டி ரொம்பிட்ச்சி, லாரி கெளம்புது, மீதி அப்பறம்" என்று முடியும்.

லாரி தண்ணீரை இறக்கும் நேரம்தான் அவனுக்குக் கடிதம் எழுதும் நேரம். இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து செந்தாமரை கடிதங்களை அளக்கத் தொடங்கினார். தாளை மடியில் விரித்து, எழுத்து தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை விரல்களை அடுக்கி வைப்பார். முதல் கடிதம் பதினான்கு விரல்கடை. ஐந்தாவது பதினொன்று. பன்னிரண்டாவது ஏழு. கடைசியாக, ஜூன் மாதம் 3,500 ரூபாயோடு வந்தது மூன்று.

"சுருக்கி எழுதறான் அத்தை. சொல்றதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது" என்று நதியா சமாதானம் சொல்வாள்.

"அவனுக்கா சொல்றதுக்கு இருக்காது? மாடு ஒரு பக்கம் படுத்தா ஒம்பது கத சொல்றவன். தண்ணி கொறஞ்சிபோச்சிடி. இரநூத்திப் பன்னெண்டு ஆடு குடிச்சிட்டு மிச்சம் கீறததான அவன் குடிக்கணும்?"

மூன்று விரல்கடைக் கடிதத்தில் "மீதி அப்பறம்" இல்லை. "நல்லா கீறேன். வெயிலு ஜாஸ்தி. 3500 குடுத்துகீறேன். அருணகிரி" என்று மட்டும் இருந்தது.

கையெழுத்து அப்படித்தான் இருக்கும். தனசேகரன் குவைத்தில் அருணகிரியாகத்தான் இருக்கிறான். வெளிநாடு போவதற்காகப் பாஸ்போர்ட் எடுத்திருந்தது மூத்தவன். 2022 மார்ச்சில் புளி உலுக்க ஏறியவன் கிளை முறிந்து விழுந்து, வலது தொடை எலும்பை முறித்துக்கொண்டான். கட்டிய பணத்தைத் திருப்பித் தர ஏஜெண்டுக்கு மனம் வரவில்லை. "அண்ணன் தம்பி ரெண்டும் ஒரே அச்சு. போட்டோவுல எவன் கண்டுபிடிப்பான்? சின்னவன அனுப்பு" என்றான். பத்தொன்பது வயதுப் பையன் அண்ணனின் பாஸ்போர்ட்டில் விமானம் ஏறினான்.

அன்றிலிருந்து வீட்டில் இருப்பவன் தனசேகரனாக வேண்டியிருந்தது. ஊரார் அறிந்த சங்கதிதான். அரசாங்கத்துக்கு மட்டும் தெரியக்கூடாது. அருணகிரி தன் பெயரில் நூறு நாள் வேலைக்குப் போகவில்லை. காலை விந்தி விந்தி உழுவதோடு சரி. செந்தாமரை அவனுக்குப் பயிற்சி கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்று, "உம் பேரு இன்னாப்பா?" என்று அதட்டுவார். வாயில் சோற்றோடு அவன் "தனசேகரன்" என்பான். ஒரு முறை தும்மலுக்கு நடுவிலும் சரியாகச் சொன்னான்.

"நான் கட்டிக்கினது அருணகிரிய. இப்ப குடும்பம் நடத்தறது கொழுந்தனோட" என்று நதியா சிரிப்பாள்.

"வாயக் கழுவுடி!" என்பார் செந்தாமரை. அவருக்கும் சிரிப்பு வந்துவிடும். அடுத்த நொடி பாதையைப் பார்ப்பார். காக்கி நிறம் எதில் கண்டாலும் வீட்டுக்குள் போய்விடுவார். மோட்டார் பைக் சத்தம் கேட்டால் மகனை வீட்டுக்குப் பின்னால் போகச் சொல்வார். மேலே விமானம் போனால் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

ஜூன் மாதத்துக்குப் பிறகு கடிதம் வரவில்லை. ஆகஸ்டில் அவரே ஆலங்காயம் இறங்கிப் போனார். எப்போதும்போல் ஒரு படி சாமை கொண்டுபோனார். சைபுல்லா அதை வாங்கி வைத்துக்கொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"குந்துமா செந்தாமர. எம்புள்ள எனக்கு ஒரு வரி எழுதினது கெடையாது. 'அத்தா, பணம் போட்டுட்டேன்'னு போன்ல கத்துவான், வச்சிடுவான். உம்புள்ள காயிதம் பாத்துதான் அந்த ஊரு எப்டி கீதுன்னே நான் தெரிஞ்சிகினேன்."

"இப்ப ஏன் பாய் வர்ல?"

சைபுல்லா கல்லாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஷாரிக்க வேற ரூட்ல போட்டுட்டாங்கம்மா. ஜூலைலருந்து அந்தப் பட்டிக்கு அவன் போறதில்ல. இப்ப யாரு தண்ணி கொண்டுபோறாங்கன்னு அவனுக்குத் தெரியல."

தண்ணீர் போகிறதா என்று கேட்காமலே செந்தாமரை எழுந்து நடந்தார்.

2024 செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை. செந்தாமரை கொல்லையில் களை கொத்திக்கொண்டிருந்தார். முற்பகல் பதினொன்றுக்கு கிராம உதவியாளர் பைக்கில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு தாள். தூதரகத்திலிருந்து மாவட்டத்துக்கு வந்து, அங்கிருந்து தாலுகா அலுவலகத்துக்கு இறங்கிய தாள் அது.

"அருணகிரின்றது யாருப்பா இங்க? குவைத்ல ஆஸ்பத்திரில நெனவில்லாம கெடக்கறதா வந்துகீது. உங்க ஊரு ஆளுதானான்னு கேக்கறாங்க."

இரண்டு வருடப் பயிற்சி அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. தன் பெயரையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்துக் கேட்டதில் அருணகிரி பதறினான். "நான் எங்கியும் போவல சார். இங்கதான் கீறேன். நான்தான் அருணகிரி" என்று சொல்லி, உள்ளே ஓடி ஆதார் அட்டையையும் கொண்டுவந்து காட்டினான்.

கிராம உதவியாளர் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், சிரித்தார். "கல்லு மாதிரி நிக்கறவன ஆஸ்பத்திரில கெடத்திட்டானுங்களே." மேற்படி நபர் ஊரிலேயே நலமாக உள்ளார் என்று எழுதி, அவனிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பைக் திருப்பம் தாண்டிய பிறகுதான் தான் செய்தது என்னவென்று அருணகிரிக்கு உறைத்தது. படுக்கையில் கிடப்பவன் இனி இந்த ஊர்க்காரனில்லை. எந்த ஊர்க்காரனும் இல்லை.

ஒரு மணிக்குச் செந்தாமரை வந்தார். நதியா சொன்னதை நின்றபடியே கேட்டார். களைக்கொத்து கையிலேயே இருந்தது.

"தப்புதான்மா" என்றான் அருணகிரி. "இப்பப் போய் நெசத்தச் சொன்னா என்னப் புடிச்சி உள்ள வச்சிடுவாங்கம்மா. பாஸ்போர்ட்டு எம் பேரு. நான்தான் அவன்கிட்ட குடுத்தேன்."

"நீ உள்ள போனா சோறு எட்த்துகினு வந்து பாப்பேன்டா" என்றார் செந்தாமரை. "அவன நான் எங்கடா போய் பாக்கறது?"

அருணகிரி தலையைக் குனிந்துகொண்டான். "நானும் வர்றேன்" என்றான்.

"இந்தக் கால வச்சிகினு நீ வந்து சேர்றதுக்குள்ள அந்தத் தாளு குவைத்துக்கே போய்டும். இரு."

செவ்வாயும் புதனும் ஜீப் கிடையாது. புதன்கிழமை விடிந்ததும் காட்டுப்பாதையில் இறங்கினார். ஆலங்காயம் வரை பதினொரு கிலோமீட்டர். ஒன்பது நாற்பதுக்கு மண்டியில் நின்றார். கூடவே ஒரு பையில் பத்தொன்பது கடிதங்கள். விஷயத்தைக் கேட்டதும் சைபுல்லா தராசிலிருந்த புளியை அப்படியே விட்டுவிட்டு ஷட்டரை இறக்கினார்.

தாலுகா அலுவலகத்தில் அந்தக் கோப்பைப் பார்த்தவர் சிவசங்கரி என்ற அலுவலர். "அருணகிரி ஊர்லயே இருக்காருன்னு நேத்தே எழுதி வந்துடுச்சும்மா. அங்க இருக்கறவர் வேற யாரோ" என்றார்.

"வேற யாரோ இல்லீங்க. எஞ் சின்னவன், தனசேகரன்."

"அப்ப அருணகிரின்னு இருக்கே?"

"அது பெரியவன் பேருங்க. பாஸ்போட்டும் பெரியவன்துங்க."

சிவசங்கரி பேனாவை மூடி வைத்தார். "அம்மா, இத நான் எழுதினா போலீஸுக்குப் போகும். உங்க பெரிய பையன் மேல கேஸ் வரும். உங்க மேலயும் வரலாம். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

செந்தாமரை கையிலிருந்த கடிதப் பையைப் பக்கத்தில் நின்ற சைபுல்லாவிடம் கொடுத்தார். "பயமா கீதுங்க" என்றார் செந்தாமரை. "எழுதிக்கோங்க."

அடையாளம் கேட்டார்கள். இடது முழங்காலுக்குக் கீழே கலப்பைக் கொழு கிழித்த தழும்பு, நீளம் நான்கு விரல்கடை. வலது காதின் பின்னால் மச்சம். இரண்டும் பெரியவனுக்குக் கிடையாது. சிவசங்கரி எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டினார். அதில் இரண்டு மகன்களின் பெயரும் அவரவர் இடத்தில் இருந்தன. மைப்பெட்டியில் விரலை வைத்தபோது செந்தாமரை கண்ணை மூடிக்கொண்டார். ரேகை கலைந்துவிட்டதால் இரண்டாம் முறை வைக்க வேண்டியிருந்தது. இரண்டாம் முறை கண்ணைத் திறந்துகொண்டே வைத்தார்.

பிறகு ஐம்பத்தொன்பது நாட்கள். அந்த ஆஸ்பத்திரி ஷாரிக் இருக்கும் இடத்திலிருந்து நூற்று இருபது கிலோமீட்டர். அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சைபுல்லா தொலைபேசியில் கேட்டால் "விசாரணையில் இருக்கிறது" என்று மட்டும் பதில். சாமை கதிர் முற்றியது. அறுத்துப் போர் போட்டார்கள். நவம்பர் 21, வியாழன், ஜீப்பில் ஒரு தாள் வந்தது. 25ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அருணகிரி விசாரணைக்குக் காவல் நிலையம் வர வேண்டும் என்றிருந்தது. அன்று இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து ஜீப் மறுபடி வந்தது. கோபால்சாமி கையில் ஓர் உறை. இந்த முறை ஜெராக்ஸ் இல்லை. வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய நிஜமான உறை. பின்புறத்தைத் திருப்பி அவர் உரக்கப் படித்தார். "அனுப்புநர்... தனசேகரன். ஆஸ்பத்திரின்னு போட்டுகீது. யாரும்மா இது தனசேகரன்?"

ஜீப்பில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களில் இருவர் இந்தச் சங்கதி தெரியாத கீழ்நாட்டார், மலைக்குக் கீழே இருப்பவர்கள்.

"எஞ் சின்னவன்" என்றார் செந்தாமரை, அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "அவன் கையெழுத்தா பாரு, வேற யாரும் எழுதினதா?"

"எனக்கு எப்டிம்மா தெரியும்? உறையில எழுத்து கோணலா கீது. படுத்துகினே எழுதினா மாதிரி."

வீட்டில் அருணகிரி திங்கட்கிழமைக்காக ஒரு மஞ்சள் பையில் இரண்டு சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். நதியா உறையை வாங்கக் கை நீட்டினாள். செந்தாமரை உடனே கொடுக்கவில்லை. மூத்தவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் போட்டிருந்த சட்டையின் நுனியை இடது கையில் சுருட்டி இறுகப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் வலது கையால் உறையை நீட்டினார்.

அந்தக் கடிதம் வந்து சேர்ந்த நாள் 2024 நவம்பர் 23, சனிக்கிழமை.