இருபத்தொரு நாள்

விக்டோரியா மாநிலத்து மல்கிரேவில் என் வயதுக்காரர்கள் பலர் கறிவேப்பிலைக் கன்றைக் குளிரிலிருந்து காப்பாற்றுவதில் பொழுதைக் கழிக்கிறார்கள். நான் தொழில் நியாயசபையின் தீர்ப்புகளை வாசிக்கிறேன். இணையத்தில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. எங்கோ ஒரு லொறிச் சாரதி முகநூலில் எதையோ எழுதியிருப்பார், வேலை போயிருக்கும். அது சரியா பிழையா என்று ஐம்பது பக்கத்துக்கு ஒருவர் யோசித்திருப்பார். எனக்கு அது அலுப்பதில்லை.

"இனி இந்த வயதிலை கறுப்புக் கோட்டுப் போடப் போறியளோ?" என்று மனைவி கேட்பாள்.

அந்த எண்ணம் இல்லை. என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது, அவ்வளவுதான். ஒரே படத்தில் ஒன்றாக நின்ற இருவரில் ஒருவருக்குக் கடிதம் வந்தது, விசாரணை நடந்தது, வேலை தப்பியது. மற்றவருக்குக் கடிதம் வரவில்லை, விசாரணையும் இல்லை, வேலை போயிற்று. ஏன் அப்படி? பதிலில் பாதி சட்டத்தில் இருக்கிறது. மற்றப் பாதி நான்.

நான் வேலை செய்தது ஒரு தனியார் கம்பனியில். அரசாங்கத் திணைக்களம் ஒன்றுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு நாங்கள் ஒப்பந்தத்தில் பதில் சொன்னோம். அழைப்பவர்கள் எங்களை அரசாங்கம் என்றே நினைப்பார்கள். அப்படி நினைப்பதைத் திருத்த வேண்டாம் என்பது எங்களுக்கிருந்த உத்தரவு. இருபது பேர் என் பொறுப்பில் இருந்தார்கள். யாருக்கு எந்த நாளில் வேலை என்ற ரோஸ்டரைக் கிழமைதோறும் போடுவது நான். அதே மாடியில் திணைக்களத்தின் சொந்த உத்தியோகத்தர் சிலரும் இருந்து, எங்கள் அழைப்புகளைக் கேட்டுப் புள்ளி போட்டார்கள். எல்லோருக்கும் கழுத்தில் ஒரே நீலப் பட்டி. அதில் தொங்கும் அட்டை மட்டும் அவர்களுக்கு வெள்ளை, எங்களுக்கு மஞ்சள்.

வெள்ளை அட்டைக்காரர்களில் ஒருவர் மதுரைக்காரர், நாற்பது வயதிருக்கும். மத்தியானத்தில் எங்களோடு வந்திருந்து சாப்பிடுவார். "கார்டைத் திருப்பிப் போட்டுட்டா நாம எல்லாம் ஒரே ஜாதி சார்" என்பார். அந்த மேசையில் மூன்றாவது ஆள் வன்னியிலிருந்து வந்த ஒரு பெண். அவளும் அவர் வயதுதான். கணவன் கட்டட வேலையில் முதுகை முறித்துக்கொண்டு வீட்டில் இருந்தான். வேலைக்குப் போவது அவள் ஒருத்திதான். அவள் கஷுவல். ரோஸ்டரில் பெயர் இருந்தால் அந்தக் கிழமை வேலை, இல்லாவிட்டால் இல்லை. ஐந்து வருடமாக ஒரு கிழமைகூட அவள் பெயர் விடுபட்டதில்லை, ஏனென்றால் என்னிடமிருந்த ஆட்களில் அவளைப்போலப் பொறுமையாக அழைப்பெடுக்க ஒருவருமில்லை. கோபத்தோடு அழைக்கிற வெள்ளைக்காரக் கிழவர்கள் அவளிடம் ஆறி, நன்றி சொல்லிவிட்டு வைப்பார்கள். மதுரைக்காரர் போட்ட புள்ளிகளில் அவளுடையதுதான் எப்போதும் மேலே.

யார் வாயைத் திறக்கலாம் என்பதில் அந்த மேசையில் அடிக்கடி தர்க்கம் நடக்கும். மதுரைக்காரருக்குச் சந்தேகமே இல்லை.

"நான் கவர்மென்ட் ஆளு சார். என் மேல லேசுல யாரும் கை வைக்க முடியாது. நீங்கல்லாம் பிரைவேட்டு, பேசாம சாப்பிடுங்க."

அவள் சிரித்துக்கொண்டே, "எனக்கு ஆர் முதலாளி எண்டே விளங்கேல்லை. பிறகு ஆருக்கெண்டு பயப்பிடுறது?" என்றாள்.

நானும் அவரைப் போலத்தான் நினைத்திருந்தேன். அரசாங்கம் தன் குடிமகனின் பேச்சைத் தடுக்க முடியாது, ஆகவே அரசாங்க ஊழியனுக்குப் பயமில்லை. தனியார் முதலாளி வீட்டுச் சொந்தக்காரனைப் போல, வெளியே போ என்றால் போகவேண்டியதுதான். மிகவும் ஒழுங்கான தர்க்கமாக எனக்குப் பட்டது.

அந்த நாட்களில் தற்காலிக விசாவில் வருடக்கணக்காக இருந்தவர்கள் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலக வாசலில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய தம்பியும் அவர்களில் ஒருவன். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அவள் அங்கே போனாள். மதுரைக்காரரின் மனைவி புளிசாதம் கிண்டிக் கொடுத்திருந்தாள், அதைக் கொடுக்க அவரும் போனார். யாரோ படம் எடுத்தார்கள். பன்னிரண்டு வருடம் போதும் என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு நீள அட்டையின் ஒரு முனையை அவள் பிடித்திருக்கிறாள், மறு முனையை அவர். இருவரின் கழுத்திலும் நீலப் பட்டி. கழற்ற மறந்துபோனார்கள். அடையாள அட்டைகள் சட்டைப் பைக்குள் இருந்ததால் யார் வெள்ளை, யார் மஞ்சள் என்று படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை எங்கள் முகாமையாளர் தேநீர்க் கோப்பையோடு என் மேசைக்கு வந்தார். நல்ல மனிதர், என் மகளின் கலியாணத்துக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்தவர். திணைக்களத்தில் அந்தப் படம் சுற்றுகிறது என்றும், நம்முடைய ஆள் யாரும் அதில் இல்லை என்று நம்புவதாகவும், ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் என்பது எனக்குத் தெரியும்தானே என்றும் சொன்னார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. படத்தை அவர் பார்த்திருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

புதன்கிழமை அடுத்த கிழமைக்கான ரோஸ்டரைப் போட்டேன். அவள் பெயருக்கு நேரே ஐந்து கட்டங்களையும் வெறுமையாக விட்டேன். எவரும் என்னிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை. அதற்கு எடுத்தது ஒரு நிமிடம்கூட இல்லை.

அவள் தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, எனக்கு இந்தக் கிழமை ஒண்டும் விழேல்லை. சிஸ்டத்திலை ஏதும் பிழையோ?"

அழைப்புகள் குறைவு என்றேன். "அடுத்த கிழமை பாப்பம், தங்கச்சி."

அடுத்த கிழமையும் எடுத்தாள். அதே பதிலைச் சொன்னேன். மூன்றாம் கிழமை அவள் கேட்டது வேறு. "அண்ணை, என்ரை கோல்களிலை ஏதும் குறையோ? இருந்தால் சொல்லுங்கோ, நான் திருத்துவன்." குறை ஒன்றுமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். "அப்பிடித் திட்டமா ஒண்டுமில்லை" என்றேன். அந்தத் 'திட்டமா' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே போட்டேன். அவள் தன்னிடமே காரணத்தைத் தேடட்டும் என்று விட்டேன்.

இதை விட மோசமான ஒன்றையும் எழுதவேண்டும். குழுத் தலைவர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் முறையிட இருபத்தொரு நாள் உண்டு என்று சொல்லித் தந்திருந்தார்கள். அவளுடைய கடைசி ஷிஃப்டிலிருந்து நான் அந்த நாட்களை எண்ணினேன். கலண்டரில் குறிக்கவில்லை, மனதுக்குள் எண்ணினேன். இருபத்திரண்டாம் நாள் காலை பல் துலக்கும்போது நெஞ்சு இலேசானது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் என்னை அழைக்கவில்லை.

இதே நாட்களில் மதுரைக்காரருக்குத் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. எந்த நடத்தை விதியை எப்படி மீறினார் என்று பந்தி பந்தியாக எழுதி, பதில் சொல்ல நாளும் கொடுத்திருந்தார்கள். மனிதர் ஆடிப்போனார்.

"நான் சாதம் குடுக்கத்தான் போனேன் சார். கையில அட்டையக் குடுத்தாங்க, பிடிச்சுட்டேன். நல்லாருக்கே, கவர்மென்ட் ஆளுக்குக் கை கூட சொந்தமில்லையா?"

தொழிற்சங்கத்திலிருந்து ஒரு பெண் அவரோடு விசாரணைக்குப் போனாள். முடிவில் ஒரு கண்டனக் கடிதம், அத்தோடு சரி. திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தவர், வெறுமையாக இருந்த மூன்றாவது கதிரையைப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கு எப்ப ஹியரிங் சார்?"

"அவவுக்கு விசாரணை ஒண்டுமில்லை" என்றேன்.

"பாத்தீங்களா, பிரைவேட்டுன்னா அதான் நிம்மதி" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. ரோஸ்டர் போடுகிற என்னைப் பார்த்தார். அதன் பின் அவர் வேறு மேசையில் சாப்பிடத் தொடங்கினார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் வாசிக்க ஆரம்பித்தேன். எங்கள் மேசைத் தர்க்கத்தில் ஒருவருக்கும் சரியான விடை தெரிந்திருக்கவில்லை. அரசியல் பேசும் சுதந்திரம் இந்த நாட்டின் அரசியலமைப்பில் உட்கிடையாக இருக்கிறது என்று மிக உயர்ந்த நீதிமன்றம் சொல்கிறது. ஆனால் அது பாராளுமன்றம் போடக்கூடிய சட்டங்களுக்கு ஓர் எல்லையே தவிர, ஆள் ஆளாக எடுத்து நீட்டக்கூடிய உரிமை அல்லவாம். அரசாங்க ஊழியர் பக்கச் சார்பற்றவராகத் தெரியவேண்டும் என்ற விதி அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. அதாவது, அரசாங்க ஆள் என்று நெஞ்சை நிமிர்த்திய மதுரைக்காரரின் வாய்தான் கட்டப்பட்ட வாய்.

அவளோ, அரசியல் கருத்துக்காக முதலாளி தண்டிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிப் பாதுகாக்கப்பட்டவள். கஷுவலுக்கும் அது உண்டு. அதிலும் ஒரு வேடிக்கை. எங்கள் கம்பனிக்கு சிட்னியில், செவன் ஹில்ஸில் இன்னோர் அலுவலகம் இருந்தது. அவள் அங்கே இருந்திருந்தால் அந்த மாநிலச் சட்டத்தில் அரசியல் கருத்துக்குப் பாதுகாப்பே இல்லை. மத்திய சட்டத்தில் வேறு வழி தேடவேண்டும். ஒரே கம்பனி, ஒரே வேலை. விக்டோரியாவில் இருந்தபடியால் அவளுக்குப் பாதுகாப்புக் கூடுதல். ஆனால் அந்தப் பாதுகாப்பைக் கேட்பதற்கு, தான் தண்டிக்கப்பட்டது அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். இருபத்தொரு நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதும் வழக்கறிஞர்களுக்கே தகராறான விஷயம், ஏனென்றால் அவளை நீக்கிய நாள் என்று ஒன்று கிடையாது. நான் மட்டும்தான் எண்ணினேன்.

போன மாசி மாதம், ரோஸ்டரில் பெயர் விடுபட்ட ஒரு கஷுவலின் வழக்கை வாசித்தேன். அவர் வென்றிருந்தார். அன்று பழைய தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்தேன். அவள் இலக்கத்தை மாற்றியிருக்கவில்லை. சந்திக்கவேண்டும் என்றேன். ஏன் என்று கேட்காமல், ஸ்பிரிங்வேலில் ஒரு வியட்நாமியப் பேக்கரியைச் சொல்லி, வேலைக்கு முன் வருவதாகச் சொன்னாள்.

கீரை கழுவிப் பொதி செய்யும் தொழிற்சாலையில் நிற்கிறாளாம். கைகள் ஈரத்தில் வெடித்திருந்தன. கணவன் சுகத்தையும் என் மனைவியின் சுகத்தையும் பேசி முடித்த பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். படம், முகாமையாளர், ஐந்து கட்டங்கள், நாள் எண்ணியது எல்லாவற்றையும். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"அப்ப என்ரை இங்கிலிஷ் இல்லையோ காரணம்?" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"நான் என்ரை இங்கிலிஷ் சரியில்லை எண்டெல்லோ நினைச்சன் அண்ணை. அதுக்குப் பிறகு நான் கோல் சென்ரர் ஒண்டுக்கும் விண்ணப்பம் போடேல்லை. பெடியன்ரை பள்ளிக்கூடத்திலை மீற்றிங் வந்தாலும் அவரைத்தான் அனுப்புறனான். நான் வாய் திறக்கிறேல்லை."

நான் அவளிடமிருந்து பறித்தது ஒரு வேலையை மட்டும்தான் என்று இத்தனை காலமும் எண்ணிக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் தொலைபேசியில் நேரத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி ஒன்றில் அழைப்பெடுக்க ஆள் கேட்டிருக்கிறார்களாம், தன் மகள் விண்ணப்பி விண்ணப்பி என்கிறாளாம், முன்னைய வேலையிலிருந்து ஏன் விலகினீர்கள் என்ற இடத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் விட்டிருந்ததாகச் சொன்னாள்.

"அண்ணை, இப்ப சொன்னதை எழுதித் தருவியளோ?"

கம்பனியைப் பற்றிப் பாதகமாக எதுவும் பேசுவதில்லை என்று ஓய்வு பெறும்போது நான் கையொப்பமிட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற தனியார் ஊழியனுக்கு எவ்வளவு வாய் உண்டு என்பதும் நான் வாசித்துக்கொண்டிருந்த விஷயங்களில் ஒன்று. அதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அதை அவளிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது. பேக்கரிக்காரியிடம் ஒரு தாள் வாங்கி, ஆங்கிலத்தில் எழுதினேன். அவளுடைய அழைப்புகளின் தரம், ஐந்து வருடம், அந்தப் படம், அதற்குப் பின் ஷிஃப்ட்கள் வழங்கப்படாமல் போனமை. அலுவலகக் கடிதம் எழுதிப் பழகிய கை, தடங்கலில்லாமல் ஓடியது.

அவள் விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள். பிறகு தாளை என் பக்கம் திருப்பினாள்.

"ஷிஃப்டை நிப்பாட்டினது ஆரெண்டு இதிலை இல்லையே, அண்ணை."

வாங்கி, அந்த வரியை வெட்டினேன். என் முழுப் பெயரையும் பதவியையும் எழுதி, நிறுத்தியது நான், யாரும் சொல்லாமல் நானாகவே செய்தது, அவளுடைய வேலையில் ஒரு குறையும் இருக்கவில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவள் திரும்பவும் வாசித்தாள். இம்முறை வாய்விட்டு, மெல்லிய குரலில், ஆங்கிலத்தில் வாசித்தாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தாமல் கடைசி வரிவரை வாசித்து முடித்தாள்.

"போட்டு வாறன், அண்ணை. பஸ் வரப்போகுது" என்று எழுந்தாள்.